சும்மா குந்தியிருத்தல்: ஓய்வு குறித்துச் சில குறிப்புகள்

1

தலித் அரசியல் கூலியைப் பற்றிப் பேசியிருக்கிறது. நிலத்தைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, சுடுகாட்டுப் பாதையைப் பற்றி, இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசியிருக்கிறது. ஓய்வைப் பற்றி அது அதிகம் பேசியதில்லை. பேசினால் யாராவது சிரிப்பார்கள். 'சோத்துக்கே வழியில்லாதவனுக்கு ஓய்வு ஒரு கேடா?' என்பார்கள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது, யாருக்கு அது உதவுகிறது என்பதை யோசித்துப் பார்க்கத்தான் இந்தக் குறிப்புகள்.

பேச்சு வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தங்கச்சி புருஷனுக்கு மொரீசியஸ் தீவில் கணக்கெழுதும் வேலை. அங்கே ஜூன், ஜூலை குளிர்காலம். கடலோர வீடுகளின் வாடகை இறங்கியிருக்கும். மேற்குக் கரையில் ஒரு சின்ன வீட்டை எடுத்து எங்களை வரச்சொன்னார்கள். நானும் அம்மாவும் போய் நாற்பது நாள் இருந்துவிட்டு வந்தோம். மாநாடு இல்லை, ஆய்வு இல்லை, கருத்தரங்கம் இல்லை. சும்மா இருந்தோம்.

திரும்பி வந்ததும் ஒரு தோழர் கேட்டார்: "நம்ம சனம் இங்க செத்துக்கிட்டிருக்கு, உங்களுக்கு எப்படித் தோழர் அங்க தூக்கம் வந்துச்சு?" கிண்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பக்கத்திலிருந்த மாணவர் ஒருவர் எனக்கு உதவிக்கு வந்தார். "அங்க கூலியாப் போன நம்ம சனங்க பட்ட கஷ்டத்த எழுதுங்க தோழர். அப்ப சரியாப் போயிடும்" என்றார். தோழரின் கேள்வியைவிட இந்தச் சமாதானம்தான் என்னைத் தொந்தரவு செய்தது. ஒரு தலித் கடலைப் பார்த்துக் குந்தியிருந்ததற்கு ஒரு துயரத்தை ரசீதாகக் காட்டவேண்டுமா? துயரம் இருக்கிறது, அதை எழுதத்தான் போகிறேன். ஆனால் ரசீதாக அல்ல.

2

முதலில் அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று சொல்லவேண்டும். சந்தோஷத்தை விவரிக்காமல் அதன் நியாயத்தை மட்டும் பேசுவது நம் கட்டுரையாளர்களின் வழக்கம். அது எனக்கு ஒப்புதல் இல்லை.

அந்தக் கடல் நம்ம பக்கத்துக் கடல் மாதிரி கரையை வந்து அறையாது. தூரத்தில் பவளப்பாறை வரிசையில் அலை உடைந்துபோகும். இந்தப் பக்கம் தண்ணீர் ஏரி போலக் கிடக்கும். காலையில் மோட்டார் சைக்கிளில் பருப்புப் பூரி விற்பவர் வருவார். தோசை மாதிரி மெலிசாக, உள்ளே கடலைப்பருப்புத் தூள் வைத்தது. அதைத் தின்றுவிட்டு டீ குடித்தால் பத்து மணி. அதற்குப் பிறகு எதுவும் கிடையாது. மரத்தடியில் பாயைப் போட்டுப் படுத்தால் நிழல் நகர நகர நாமும் நகரவேண்டும், அதுதான் வேலை. முதல் வாரம் கை அரித்தது, எதையாவது படிக்கவேண்டும், குறிப்பு எடுக்கவேண்டும் என்று. இரண்டாவது வாரம் அது அடங்கியது. மூன்றாவது வாரம், செத்து முப்பது வருஷம் ஆன தாத்தாவின் முகம், மூக்கின்மேல் இருந்த தழும்போடு, கேட்காமலேயே வந்து நின்றது. முப்பது வருஷமாக அந்த முகம் எங்கே போயிருந்தது? எனக்கு நேரம் இல்லாததால் அதற்கும் வர வழி இல்லை. நினைவு என்பதே ஓய்ந்திருப்பவனிடம் வந்து உட்காருகிற ஒன்று என்று அப்போது தோன்றியது.

அம்மாவின் கதை வேறு. பதினோரு வயசில் நடவுக்கு இறங்கியவள். அந்த வீட்டிலும் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, கழுவிவைத்த பாத்திரத்தை மறுபடி கழுவினாள். வாசலைப் பெருக்கினாள். பெருக்க ஒன்றும் இல்லாமல் போனதும் கடற்கரைக்கு வந்தாள். அந்தத் தீவின் கடற்கரைகள் பூராவும் சவுக்கு மரம். அவர்கள் ஃபிலாவோ என்கிறார்கள். கீழே கணுக்கால் அளவு சருகு.

"எம்மாம் சருவுடா! இத்தினியும் வீணாப் போவுது, கேக்க நாதியில்ல."

செங்கல்பட்டுக் கடலோரத்தில் சேரிப் பொம்பளைகளுக்கு அடுப்பு எரிந்தது சவுக்குச் சருகில்தான். தோப்பு ஆண்டையுடையது. விடியுமுன் போய்த் திருட்டுத்தனமாகப் பெருக்கிக் கூடையில் அமுக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். காவல்காரனிடம் மாட்டினால் கூடையும் போகும், துடைப்பமும் போகும், வாயில் வராத பேச்செல்லாம் கேட்கவேண்டும். இங்கே விரட்ட ஆள் இல்லை. அம்மா ஒரு துடைப்பத்தைக் கொண்டுவந்து உச்சிவரை பெருக்கி ஆள் உயரத்துக்குக் குமித்துவிட்டாள். குமித்த பிறகுதான் யோசனை வந்தது. வீட்டில் கேஸ் அடுப்பு. சருகை என்ன செய்வது? கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றவள் அதன்மேல் குந்தினாள். "மெத்துனு கீதுடா" என்றாள்.

அதற்குப் பிறகும் அவளுக்கு ஓய்வு லேசில் வரவில்லை. "சும்மா கெடந்தாதான் ஒடம்பு நோவுது. எதுனா செஞ்சிக்கினு இருந்தா தெரியமாட்டேங்குது" என்றாள். இதை நான் பல நாள் மனசில் போட்டு உருட்டினேன். வேலை அவளுடைய வலியைப் போக்கவில்லை, மூடிவைத்திருந்தது. ஐம்பது வருஷத்து வலி உடம்பில் எங்கெங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவந்ததே அந்த நாற்பது நாளில்தான். 'உழைத்த உடம்புக்கு நோய் வராது' என்கிற பழமொழித்தனமான பேச்சை யார் உண்டாக்கினார்கள் என்று யோசிக்கலாம். உழைத்த உடம்பு அதை ஒருநாளும் சொல்லியிருக்காது.

பகலில் தூங்கச் சொன்னால் "மூதேவி புடிக்கும்" என்பாள். யார் சொன்னது என்று கேட்டேன். "ஆண்டம்மாதான் சொல்லுவாங்க" என்றாள். அந்த ஆண்டம்மா தினமும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஊஞ்சலில் தூங்கியவர். கொல்லையில் இவள் நெல் குத்திக்கொண்டிருக்கும் உலக்கைச் சத்தம் அவருக்குத் தாலாட்டு. பகல் தூக்கம் இவளைப் பிடித்தால் மூதேவி, அவரைப் பிடித்தால் வீட்டுக்கு லட்சுமி. ஓய்வுக்குச் சாதி உண்டு என்பதற்கு இதைவிடப் பெரிய தத்துவம் எனக்குத் தேவைப்படவில்லை.

3

இப்போது அந்தத் தீவின் கதை. அம்மா சருகின்மேல் குந்திய அந்த மண்ணில், நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஒரு கூலி அப்படிக் குந்தியிருந்தால் அது குற்றம்.

மொரீசியஸில் 1835 பிப்ரவரி 1ஆம் தேதி அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஒழிவதற்கு முன்பே, 1834இல், கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள். 1910 வரை சுமார் நான்கரை லட்சம் பேர். கல்கத்தாவிலிருந்து, பம்பாயிலிருந்து, நம்முடைய சென்னையிலிருந்து. சென்னையில் கப்பலேறியவர்களில் சேரிச் சனங்களும் இருந்தார்கள். ஆண்டையிடமிருந்து தப்பிக்கக் கடலைத் தாண்டியவர்கள் அவர்கள். போய் இறங்கிய இடத்தில் வேறொரு ஆண்டை காத்திருந்தான்.

அங்கே 'இரட்டை வெட்டு' என்று ஒரு முறை இருந்தது. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி போகும். காய்ச்சலோ, களைப்போ, வெறுமனே மனசு இல்லையோ, எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு. ஒப்பந்தம் முடிந்தவர்களும் தப்பவில்லை. 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அவர்கள் புகைப்படம் ஒட்டிய சீட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் வழியில் நின்றால், தன் பகுதியை விட்டு அனுமதியில்லாமல் அடுத்த பகுதிக்குப் போனால், 'வேக்ரன்ட்' என்று பிடித்துக்கொண்டு போவார்கள். நாடோடி, வேலையற்றவன் என்று அர்த்தம். அப்படிப் பிடித்தவர்களை அடைக்கவே தனிக் கொட்டடி இருந்தது. 1871இல் அடோல்ஃப் டி ப்ளெவிட்ஸ் என்ற தோட்டக்காரர் ஒருவர், ஆயிரக்கணக்கான கூலிகளின் ஒப்பத்தோடும் கைநாட்டோடும் ஒரு மனுவைத் தயாரித்தார். அதன் பிறகுதான் 1872இல் அரச விசாரணைக் குழுவே வந்தது. அந்த மனுவைச் சும்மா இருக்கும் உரிமைக்கான மனு என்றும் வாசிக்கலாம்.

இதை வாசிக்கும்போது கீழத்தஞ்சைப் பண்ணையாள் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. அங்கே வேலைக்கு வராதவனுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும். இங்கே இரட்டை வெட்டும் சீட்டும். கடலுக்கு இந்தப் பக்கம் உடம்பின்மேல் அடி, அந்தப் பக்கம் நாளின்மேல் அடி. இரண்டு பக்கமும் தண்டிக்கப்பட்டது ஒரே குற்றம்: தன் நேரம் தனக்குச் சொந்தம் என்று ஒருநாள் நினைத்தது.

தீவின் தென்மேற்கு மூலையில் லெ மோர்ன் என்று ஒரு மலை. 556 மீட்டர் உயரம், கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும். தோட்டத்திலிருந்து ஓடிப்போன ஆப்பிரிக்க, மடகாஸ்கர் அடிமைகள் அதன் உச்சியிலும் குகைகளிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். அடிமைமுறை ஒழிந்த செய்தியைச் சொல்லப் போலீஸ்காரர்கள் ஏறி வந்தபோது, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து அவர்கள் குதித்துச் செத்தார்கள் என்று அந்தச் சனங்கள் வாய்வழியாகச் சொல்லிவருகிறார்கள். 2008இல் யுனெஸ்கோ அந்த மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் அதற்கு இரண்டு வருஷம் முன்னமே, 2006இல் ஆகிவிட்டது. இப்போது மலையின் காலடியில் சொகுசு விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் அந்த மலையைப் பார்த்தபடி சாய்வு நாற்காலியில் படுத்திருக்கிறார்கள். தங்கள் உடம்பைத் தங்களுக்கே வைத்துக்கொள்ள மனிதர்கள் ஏறிய மலை அவர்களுக்குப் பின்னணிக் காட்சி.

இதைச் சொன்னவுடன், 'பார்த்தீர்களா, உல்லாசம் என்றாலே சுரண்டல்தான்' என்று கட்டுரையை முடித்துவிடலாம். பலபேர் அப்படித்தான் முடிப்பார்கள். ஆனால் மலைமேல் ஏறியவர்கள் எதற்காக ஏறினார்கள்? இன்னொரு இடத்தில் இன்னும் நன்றாக உழைப்பதற்கா? அடிமையின் கனவு, கூலியின் கனவு, பண்ணையாளின் கனவு, எதை எடுத்தாலும் அதற்குள் ஒரு வேலையில்லாத பகல் இருக்கிறது. அந்தக் கனவை முதலாளியின் சாய்வு நாற்காலியோடு சேர்த்து வெட்டிப் போடுகிறவர்கள் யார் பக்கம் நிற்கிறார்கள் என்று கேட்கவேண்டியிருக்கிறது.

4

நம் ஊரில் 'சும்மா' என்ற சொல்லுக்கு இரண்டு அகராதி. கோயில் மண்டபத்தில், மடத்தில், அக்கிரகாரத் திண்ணையில் ஒருவர் சும்மா இருந்தால் அது மோனம், நிஷ்டை, ஞானத்தின் உச்சம். சைவமும் வேதாந்தமும் அதற்குப் பக்கம் பக்கமாக உரை எழுதியிருக்கின்றன. சேரியில் புங்கமரத்தடியில் ஒருவன் சும்மா இருந்தால் அது சோம்பேறித்தனம், திமிர். 'பசங்களுக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு.' சும்மா இருப்பது ஒன்றுதான். எங்கே, யார் முன்னால் என்பதில் ஞானம் குற்றமாகிறது.

இது பழங்கதை அல்ல. சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் 2018 மே 28ஆம் தேதி இரவு தலித்துகள் மூன்று பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆதிக்க சாதியார் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது அதற்கு முன் எழுந்த தகராறில் ஒரு காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் 2020இல் வெளிவந்தது. உட்காருவது, காலை நீட்டுவது, கால்மேல் கால் போடுவது என்று உலகம் முழுக்க விடுமுறை விளம்பரங்களில் காட்டப்படுகிற உடம்பின் நிலைகள் எல்லாம் நம் ஊரில் சாதியால் அளந்து வைக்கப்பட்டவை. கடற்கரையில் கால்மேல் கால் போட்டுப் படுத்திருக்கும் தலித் உடம்பை வெறும் நுகர்வு என்று மட்டும் பார்க்கிற கண் இதைத் தவறவிடுகிறது.

இடதுசாரித் தோழர்களிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அவர்கள் உழைப்பைப் போற்றிப் போற்றியே நம்மை உழைப்போடு வைத்துத் தைத்துவிட்டார்கள். மார்க்ஸின் மருமகன் பால் லஃபார்க் இதை அப்போதே கண்டுகொண்டார். கியூபாவில் 1842இல் பிறந்தவர். கறுப்பின, கரீபியப் பூர்வகுடி, யூத மூதாதையர் கலந்த வழிவந்தவர். 1880இல் சோம்பேறியாயிருக்கும் உரிமை பற்றி ஒரு பிரசுரம் எழுதினார். தொழிலாளிகள் 'வேலை கொடு' என்று கேட்பதைக் கேலி செய்து, ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் போதும் என்றார். தோட்டமும் அடிமைமுறையும் நடந்துகொண்டிருந்த வெப்பமண்டலத் தீவில் பிறந்தவர் இதை எழுதினார் என்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை.

சையத் ஹுசைன் அலாதாஸ் 1977இல் எழுதிய 'சோம்பேறிச் சுதேசி' பற்றிய நூலையும் இதோடு சேர்த்துப் படிக்கவேண்டும். மலாய்க்காரர், ஜாவாக்காரர், பிலிப்பினோ எல்லோரையும் காலனிய அதிகாரிகள் சோம்பேறிகள் என்று எழுதிவைத்தது ஏன் என்று அவர் கேட்டார். அவர்கள் தங்கள் வயலில், தங்கள் கடலில் வேலை செய்யாமல் இல்லை. வெள்ளைக்காரன் தோட்டத்துக்குக் கூலியாக வர மறுத்தார்கள், அதுதான் சோம்பேறித்தனம். மறுக்கமுடியாத இடத்தில் இருந்த தமிழ்ச் சேரி மனிதனை அந்த ரப்பர் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவனுக்கு 'சொன்னபடி கேட்பவன்' என்று நற்சான்று கிடைத்தது. சோம்பேறி என்ற வசவும் உழைப்பாளி என்ற பாராட்டும் ஒரே பேனாவிலிருந்து வந்தவை.

நம் பக்கத்திலேயே இன்னொரு வாதம் இருக்கிறது. 1996இல் வந்த 'நான் ஏன் இந்து அல்ல' நூலில் காஞ்ச அய்லய்யா, உற்பத்தி செய்கிறவர்கள் நாம், உற்பத்தியை வெறுக்கிற பண்பாடு பார்ப்பனியம் என்று காட்டினார். அந்த நூல் என் தலைமுறைக்குக் கொடுத்த தெம்பு பெரிது. ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. என் மரியாதை என் உழைப்பிலிருந்து வருகிறது என்றால், நான் உழைக்காத நாளில் எனக்கு மரியாதை எங்கிருந்து வரும்? நோயில் விழுந்தவனுக்கு, கிழவிக்கு, வேலையை மறுத்தவனுக்கு என்ன கணக்கு? உழைப்பால்தான் மதிப்பு என்பது, நம்மை உழைக்கவைத்தவர்கள் நம்மேல் ஒட்டிய விலைச்சீட்டைத் திருப்பி ஒட்டிக்கொள்வதாகாதா?

பாபாசாகேப் இந்த இடத்தைத் தெளிவாகக் கடந்தவர். 1945இல் வெளியான, காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்ற நூலில் காந்தியத்தைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. ராட்டையையும் உடலுழைப்பையும் போற்றுவதை அங்கே அவர் விமர்சிக்கிறார். மிருகத்திலிருந்து மனிதனைப் பிரிப்பது பண்பாடு; பண்பாட்டுக்கு ஓய்வு வேண்டும்; ஓய்வுக்கு இயந்திரம் வேண்டும். ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓய்வும் பண்பாடும் உள்ள வாழ்க்கையைத் தருவதுதான் ஜனநாயகச் சமூகத்தின் வேலை என்பது அவருடைய வாதம். எழுத்தோடு நிற்கவில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை அவர் பார்த்த காலத்தில்தான், 1945இல் ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை சட்டமானது. வாரத்துக்கு 54 மணி நேரம் என்றிருந்த வேலையை 48 ஆக்கிய திருத்தம் 1946இல் வந்தது. அரசியல் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வாழ்க்கைக்குப் போதுமான கூலியோடு ஓய்வை முழுமையாக அனுபவிப்பதும் எழுதப்பட்டிருக்கிறது. ஆலைத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, விவசாயக் கூலிக்கும் சேர்த்து. ஆனால் அது நான்காம் பாகத்தில், வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. நீதிமன்றத்தில் கேட்டு வாங்கமுடியாத இடத்தில். நாம் அதை மேடையில்கூடக் கேட்டதில்லை.

5

இனி என் தோழருக்குச் சொல்லவேண்டிய பதில். அவர் கேள்வியில் உண்மையான ஒரு முள் இருக்கிறது. அது சேரியில் இல்லை, அந்த வாடகை வீட்டிலேயே இருந்தது.

வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு அம்மா வந்து அந்த வீட்டைச் சுத்தம் செய்வார். ஐம்பது வயசிருக்கும். கறுப்பினக் கிரியோல் பெண். அவர் சம்பளம் வாடகையோடு சேர்ந்தது. அவர் குனிந்து பெருக்கும்போது என் அம்மாவால் படுத்திருக்க முடியவில்லை. எழுந்து போய்த் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டாள். "நீ குந்தும்மா, நான் வாரிக்கிறேன்" என்று தமிழிலேயே சொன்னாள். அவர் கிரியோலில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே துடைப்பத்தை விடமாட்டேன் என்றார். தங்கச்சி மொழிபெயர்த்தாள்: "நீங்க செஞ்சா எனக்கு வேல போயிடும்ங்கிறாங்கண்ணே."

என் ஓய்வு இன்னொரு பெண்ணின் முதுகின்மேல் நிற்கிறது. அந்த முதுகுக்கு இரக்கப்பட்டு நான் குனிந்தால் அவருடைய கூலி போகிறது. இதைத் தனிமனித நல்லெண்ணத்தால் தீர்க்கமுடியாது. துடைப்பத்தை யார் பிடிப்பது என்பதில் இல்லை விஷயம். அந்தப் பெண்ணுக்கு இதே கடற்கரையில் நாற்பது நாள் உண்டா என்பதுதான் விஷயம். நாற்பது வேண்டாம், நாலு நாள் உண்டா? 2019இல் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் அந்தத் தீவுக்கு வந்தார்கள். தீவின் மக்கள்தொகையே பன்னிரண்டரை லட்சம்தான். ஆளுக்கு ஒரு விருந்தாளி என்று வைத்துக்கொண்டால், படுக்கை விரிப்பது யார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

குற்றவுணர்வால் இந்தக் கணக்கு தீராது. குற்றவுணர்வு என்பதே ஓய்வு உள்ளவர்கள் அனுபவிக்கிற இன்னொரு சுகம். கடற்கரைக்குப் போய்விட்டு அதற்காக வருத்தப்படுகிறவர்களை மேல்சாதி இலக்கியத்தில் நிறையப் பார்த்தாயிற்று. நமக்கு வேண்டியது ஓர் அளவுகோல். என் ஓய்வு இன்னொருவருக்கு ஓய்வு இல்லாமல் இருந்தால்தான் நடக்கும் என்றால் அது ஆண்டையின் ஓய்வு. ஆண்டம்மாவின் ஊஞ்சல் அப்படிப்பட்டது. உலக்கை நின்றால் ஊஞ்சலும் நிற்கும். எல்லோருக்கும் கிடைத்தாலும் குறையாத ஓய்வு ஒன்று இருக்கிறது. அதை நோக்கித்தான் சண்டை. சொந்த வீட்டிலும் இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் விடுதலையைப் பேசிவிட்டு வந்து நாம் காலை நீட்டும்போது, அடுப்படியில் நிற்பவளுக்கு எந்தக் கிழமை விடுமுறை?

அந்த இரண்டாவது ஓய்வின் சாயலை அங்கேயே ஒருநாள் பார்த்தேன். மொரீசியஸில் கடற்கரை சட்டப்படி பொதுச் சொத்து. விடுதிக்காரர்கள் கரையோர அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டாலும், தண்ணீர் ஏறி இறங்கும் மணல் எல்லோருக்கும் பொது. ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்ச் சனம் குண்டான் குண்டானாகச் சோற்றைத் தூக்கிக்கொண்டு சவுக்குத் தோப்புக்கு வந்துவிடும். வீட்டைச் சுத்தம் செய்யும் அந்த அம்மாவும் பேரன் பேத்திகளோடு வந்திருந்தார். பையன்கள் சருகைக் கூட்டித் தீ வைத்தார்கள். ஆட்டுத்தோல் கட்டிய வட்டமான மேளத்தைத் தீயில் காட்டிக் காய்ச்சினார்கள். ராவான் என்பது அதன் பேர். என் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"டேய், நம்ம பற மாதிரியே காச்சறாங்கடா!"

சேகா ஆட்டம் ஆரம்பமானது. அடிமைகள் வேலை முடிந்த இரவுகளில் ஆடி உருவாக்கிய ஆட்டம் அது. 2014இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. அந்த அம்மா பாவாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, கால் மணலை விட்டு எழாமல் ஆடினார். திங்கட்கிழமை குனிகிற அதே இடுப்பு.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "யாரு செத்துட்டாங்க?" யாரும் சாகவில்லை, சும்மா அடிக்கிறார்கள் என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்குத் தெரிந்த பறை, ஊர்க்காரன் செத்தால் ஆள் அனுப்பிக் கூப்பிட, போய் அடிக்கிற பறை. என் தாத்தா அடித்தது அதுதான். அடிக்க மாட்டேன் என்றால் ஊரே திரண்டு வரும். ஒரே தோல், ஒரே தீ. அங்கே தன் ஞாயிற்றுக்கிழமைக்காக அடிக்கிறார்கள். இங்கே அடுத்தவன் பிணத்துக்காக அடிக்கவைத்தார்கள். பறையை ஊழியத்திலிருந்து மீட்டுக் கலையாக்கியது தொண்ணூறுகளில் நம் இயக்கங்கள் செய்த பெரிய காரியம். ஆனால் கலை என்றதும் அதற்கும் மேடை, பயிற்சி, நிகழ்ச்சி நிரல் வந்துவிட்டது. யாருக்காகவும் இல்லாமல், யாரும் சாகாமல், ஒரு சாயங்காலம் சும்மா அடிக்கிற பறையைச் சேரி இன்னும் போதுமான அளவு கேட்கவில்லை.

6

ஓய்வைக் கோரிக்கையாக்குவது லேசு அல்ல. அதற்கு முதலில் இடம் வேண்டும். 1892இல் பஞ்சமி நிலம் கொடுக்கப்பட்ட செங்கல்பட்டில், அதை மீட்கக் காரணையில் இறங்கிய போராட்டத்தின்போது, 1994 அக்டோபரில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். உழுவதற்கு மட்டுமா நிலம்? யாரும் எழுப்பிவிட முடியாத இடத்தில் உட்காருவதற்கும்தான். இரண்டாவது நேரம் வேண்டும். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டு ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவைக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. அந்த எதிர்ப்பில் தலித் அமைப்புகளின் குரல் முன்வரிசையில் இருக்கவேண்டும் என்பது என் கட்சி. எட்டு மணி நேரம் நமக்கு அம்பேத்கர் விட்டுப்போன சொத்து. மூன்றாவது நாற்காலி. 2021இல் கடைத் தொழிலாளிக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று இங்கே சட்டம் வந்தது. துணிக்கடையில் நாள் பூராவும் நின்று கால் வீங்கிய பெண்களில் நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர்? ஊராட்சி அலுவலக நாற்காலிக்கும் துணிக்கடை முக்காலிக்கும் நடுவே ஓர் உறவு இருக்கிறது.

நான்காவது, எழுத்து. நம் இதழ்கள் நம்மிடம் கேட்பது காயத்தை. பசியை எழுது, அடியை எழுது, அவமானத்தை எழுது. எழுதினோம், எழுதுவோம். ஆனால் காயத்தை மட்டுமே கேட்பவன் வாசகனாக இருந்தாலும் அவன் என்னிடம் வேலை வாங்குகிறான். சேரியில் ஐப்பசி மழையில் வேலை நின்ற நாட்கள் இருந்தன. பசியோடுதான், ஆனாலும் வறுத்த புளியங்கொட்டையை மென்றுகொண்டு, கதை பேசிக்கொண்டு, ஒருவர் தலையில் ஒருவர் பேன் பார்த்துக்கொண்டு கிடந்த நாட்கள். கதை, விடுகதை, கிண்டல், நம் பண்பாடு என்று எதைச் சொல்கிறோமோ அதில் பெரும்பகுதி அங்கே பிறந்தது. ஆண்டையின் கண்ணுக்குத் தெரியாமல் நாமே திருடி எடுத்துக்கொண்ட ஓய்வு அது. இனி திருடவேண்டியதில்லை, கேட்டு வாங்கவேண்டும்.

தூக்கம் எப்படி வந்தது என்று கேட்ட தோழருக்கு: நன்றாகவே வந்தது. உங்களுக்கும் வரவேண்டும். போராட்டத்துக்குத் தெம்பு சேர்ப்பதற்காக என்றுகூட நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் ஓய்வு மறுபடியும் வேலைக்குத்தான் கூலியாகப் போகும். போராடுவதே ஒருநாள் எல்லோரும் பயமில்லாமல் சும்மா குந்தியிருக்கத்தான். அடுத்த இதழுக்கு யாராவது தங்கள் ஊர்ப் புங்கமரத்தடியைப் பற்றி எழுதுங்கள். அங்கே யார் குந்தலாம், யார் குந்தக்கூடாது, குந்தியபோது என்ன பேசினீர்கள் என்று.